மார்கழியில் காரைக்குடிப் பக்கம் சைக்கிளில் போய் ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாமா?

தங்கலாம். ஆனா மார்கழி முன்பாதியில் வடகிழக்குப் பருவமழை மிச்சம் இருக்கும். பொங்கலை ஒட்டிப் போறது நல்லது.

குளிரைப் பத்திக் கவலை வேண்டாம், 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். படுத்துறது பனி. மேகம் இல்லாத ராத்திரியில தரை சீக்கிரம் குளிர்ந்துடும், ஈரமெல்லாம் டென்ட் மேல நீராப் படியும். நம்ம மூச்சு உள்பக்கம் படியும். முதல் தடவை குளிருதேன்னு ஜிப்பை எல்லாம் இழுத்து மூடிப் படுத்தேன். விடியக்காலையில கூரையிலிருந்து சொட்டு சொட்டா மூக்குல விழுந்துச்சு, போர்வை நசநசன்னு ஆயிடுச்சு. இப்ப கொசுவலையை மட்டும் மூடிட்டு, காத்துப்போக்குக்கு மேல்துணியைத் திறந்து விட்டுடுவேன்.

கண்மாய்க்குள்ள, பள்ளத்துல டென்ட் போடாதீங்க. குளிர்ந்த காத்து அங்கதான் தேங்கும். மேட்டு நிலம் பாருங்க, நிலத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. கொசுவலை ஜிப் கட்டாயம். தரையில தூங்குறவங்களைக் கட்டுவிரியன் ராத்திரியிலதான் கடிக்கும்.

இந்த ஊர்ச் சாலையோட நிஜமான வில்லன் சீமைக்கருவேல முள். ஓரத்துல இறக்கினா பஞ்சர்தான். ரெண்டு ட்யூப், பம்ப் இல்லாம கிளம்பாதீங்க. பஞ்சர் ஒட்டுமுன் டயருக்குள்ள விரலை மெதுவாத் தடவுங்க, முள்ளோட நுனி அங்கேயே இருக்கும்.

பாதை? காரைக்குடி, கானாடுகாத்தான், திருமயம் கோட்டை. சமதரை, அலுப்பே தெரியாது. தைப்பூசத்துக்கு முந்தின நாள்களில் குன்றக்குடி வழியாப் பழனி பாதயாத்திரை போகும், அந்தச் சாலையில ராத்திரி ஓட்டாதீங்க.