மார்ச் மாதத்திலேயே அக்டோபரை நினைத்துப் பயப்படுகிறேன்

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் சியாட்டிலுக்குப் பக்கத்தில் பாத்தெல் என்ற ஊரில் குடும்பத்தோடு இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர். 2001-இல் படிக்க வந்து அப்படியே இங்கே தங்கிவிட்டேன். நான் எழுதப்போவது சிலருக்கு அற்பமான விஷயமாகத் தெரியலாம். ஆனால் இதனால் என் தூக்கம் கெடுகிறது, வீட்டில் பேச்சும் கெடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகன். நான் வந்த வருஷம் மரினர்ஸ் 162 ஆட்டங்களில் 116 ஜெயித்தது. ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோவுக்கு அதுதான் இங்கே முதல் சீசன். பேஸ்பாலின் விதிகளே தெரியாத என்னை அந்த மனிதரின் ஓட்டமும் எறிதலும் கட்டிப்போட்டன. அவ்வளவு ஜெயித்தும் அந்த அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் தோற்றோம். அடுத்த பிளே ஆஃப் பார்க்க 2022 வரை காத்திருந்தோம். அந்தச் செப்டம்பர் 30 அன்று எங்கள் ஆள் கேல் ராலி கடைசி இன்னிங்ஸில் பந்தை மைதானத்துக்கு வெளியே தூக்கி அடித்த ஹோம் ரன்னைப் பார்த்துவிட்டு நானும் என் மகளும் சோபாவில் நின்று கத்தியது பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். 1977-இல் தொடங்கிய அணி எங்களுடையது. மேஜர் லீக்கின் முப்பது அணிகளில், வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடரில் ஒருமுறைகூட ஆடாத ஒரே அணியும் இதுதான்.

போன அக்டோபர் 20 (2025) பற்றிச் சொல்ல வேண்டும். டொராண்டோ அணியோடு ஆடிய தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், அவர்கள் ஊரில். ஜெயித்தால் வேர்ல்ட் சீரீஸ். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதில் 3-1 என்று முன்னால் இருக்கிறோம். இன்னும் எட்டே அவுட் எடுத்தால் போதும். அப்போது டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த ஒரு ஹோம் ரன்னில் மூன்று ரன் போனது. 4-3. அவ்வளவுதான். மகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அவளுடைய அறைக்குப் போய்விட்டாள். நான் டிவியை அணைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஸ்பிரிங் டிரெய்னிங், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலம். பிப்ரவரி நடுவில் பந்து எறியும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் அரிசோனாவில் பியோரியா மைதானத்துக்கு வந்து சேருவார்கள், பிறகு மற்றவர்கள் வருவார்கள். மார்ச் முழுக்கப் பயிற்சி ஆட்டம். இத்தனை வருஷமும் எனக்கு வருஷத்திலேயே பிடித்த காலம் இதுதான். இங்கே வெளியே மழை தூறிக்கொண்டே இருக்கும், காரில் ரேடியோவைப் போட்டால் அரிசோனா வெயிலில் ஆடும் ஆட்டம் கேட்கும்.

இந்த வருஷம் அந்த ரேடியோவைப் போடவே கை வரவில்லை. மனசு முழுக்கக் கணக்கு. யாருக்குத் தோள் வலி, யாருக்கு முழங்கை. போன மார்ச்சில் எங்கள் பிட்சர் ஜார்ஜ் கர்பியின் தோளில் வீக்கம் என்று செய்தி வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. போதாக்குறைக்கு இந்த மார்ச்சில் வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் வேறு நடக்கிறது. எங்கள் ஆட்கள் அவரவர் நாட்டுக்கு ஆடப் போவார்கள். 2023-இல் மெட்ஸ் அணியின் எட்வின் டியாஸ் அந்தப் போட்டியில் ஜெயித்த சந்தோஷத்தில் குதித்தபோது முழங்கால் தசைநார் அறுந்து ஒரு சீசனையே இழந்தார். அது எங்கள் ஆளுக்கு நடந்தால்? ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு போனில் செய்தி தேடுகிறேன். ஆபீஸில் ஆட்குறைப்பு என்று பேச்சு ஓடுகிறது, அது வேறு கதை.

மனைவி கேட்கிறாள்: "நீங்க விளையாட்டுப் பாக்குறீங்களா, தண்டனை அனுபவிக்கிறீங்களா?"

மகளுக்கு 15 வயது. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். "அப்பா, இந்த வருஷமாவது பியோரியா போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் பதில் சொல்லாமல் தள்ளிப்போடுகிறேன். போன வாரம் அவள் "இந்த வருஷம் கண்டிப்பா வேர்ல்ட் சீரீஸ்தான்" என்றாள். "ரொம்ப ஆசைப்படாதே கண்ணு" என்றேன். உடனே அவள், "அப்ப எதுக்குப்பா பாக்குறோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இது ஒரு நோயா? மனசு உடையாமல் ஆசைப்பட வழி இருக்கிறதா? அவளை அழைத்துப் போகலாமா, வேண்டாமா?

இப்படிக்கு,
பாத்தெலில் இருந்து ஒரு ரசிகன்


அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழைத்துப் போங்கள்.

நான் டெட்ராய்ட் பக்கம் இருப்பவள், அந்த ஊர் டைகர்ஸ் அணியின் ரசிகை. உங்கள் ஊரில் அக்டோபர் 10 அன்று 15 இன்னிங்ஸ் ஓடிய ஆட்டத்தை நான் எதிர்ப்பக்கம் இருந்து பார்த்தேன். எங்கள் பிட்சர் டாரிக் ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸில் 13 பேரைப் பந்தை அடிக்கவே விடாமல் ஸ்டிரைக் அவுட் செய்தும், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் போராடியும், கடைசியில் 3-2 என்று தோற்றோம். ஆகவே நீங்கள் எழுதியது எனக்கு அற்பமாகத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷப் பாசம் அது. முன்பின் தெரியாத ஊருக்கு வந்த ஓர் இளைஞனுக்கு அந்த ஊரைச் சொந்தமாக்கிக் கொடுத்த பாசம். அதில் காயம் பட்டால் வலிக்கத்தான் செய்யும்.

இது நோய் இல்லை. ஆனால் உங்கள் மனசு ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டும். வரப்போகும் துக்கத்துக்கு இப்போதே முன்பணம் கட்டப் பார்க்கிறீர்கள். மார்ச்சில் போதுமான அளவு பயந்துவிட்டால் அக்டோபரில் வலி குறையும் என்று மனசு நம்புகிறது. அப்படிக் குறையாது. போன வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் நீங்கள் பயந்தபடியே கர்பிக்குத் தோள் பிரச்சினை வந்தது, சீசன் தொடங்கும்போது அவர் ஆட முடியவில்லை. ஏப்ரல் கடைசியில் இன்னொரு பிட்சர் லோகன் கில்பெர்ட்டும் காயத்தில் உட்கார்ந்தார். பயந்தது அவ்வளவும் நடந்த அந்த வருஷம்தான் உங்கள் அணி 90 ஆட்டம் ஜெயித்து, 2001-க்குப் பிறகு முதல் முறையாகத் தன் டிவிஷனில் (பிரிவில்) முதலிடம் பிடித்தது. அதே மார்ச்சில், கேல் ராலி 60 ஹோம் ரன் அடிப்பார் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா? அதற்கு முன் அவரைப் போன்ற கேட்சர் ஒருவர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சமே 48-தான். ஆக, மார்ச் மாதத்துப் பயம் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, எதையும் தடுக்கவும் இல்லை. அந்த ஏழாவது ஆட்டத்து வலியையும் அது இம்மியளவு குறைக்கவில்லை. நீங்கள் டிவியை அணைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்ததே அதற்குச் சாட்சி.

உளவியலில் இதைத் தொட்டு நடந்த ஆய்வு ஒன்று உண்டு. டிமோத்தி வில்சன், டேனியல் கில்பெர்ட் இருவரும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2000-இல் வெளியிட்டது. கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம், ஓர் ஆட்டத்தின் முடிவு உங்கள் மனநிலையை எத்தனை நாள் பாதிக்கும் என்று முன்னதாகவே கேட்டார்கள். ரசிகர்கள் சொன்னதைவிட உண்மையில் பாதிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. காரணம் எளிமையானது. ஆட்டத்தை நினைக்கும்போது ஆட்டம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. மறுநாள் வகுப்பு இருக்கும், நண்பர்கள் இருப்பார்கள் என்பது கணக்கில் வருவதில்லை. அந்த மற்ற வேலைகளையும் முதலில் யோசிக்கச் சொன்னபோது, அவர்களுடைய கணிப்பு நிதானமானது. நீங்களும் அதைச் செய்து பாருங்கள். அக்டோபர் 20-க்கு அடுத்த வாரம் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அநேகமாகத் தீபாவளிப் பலகாரம் மிச்சம் இருந்திருக்கும். மகளுக்குப் பரீட்சை இருந்திருக்கும். சிரித்திருப்பீர்கள். அந்த வாரத்தைக் கடந்து வந்தவர் நீங்கள். தாளை மகளிடமும் காட்டுங்கள், அவள் மறந்துபோன எதையாவது சேர்த்து எழுதுவாள்.

இன்னொன்று. ஒரு நீண்ட அனுபவத்தை நினைவு வைத்துக்கொள்ளும்போது அதன் உச்சமும் முடிவும்தான் மனசில் பெரிதாக நிற்கும் என்று உளவியலாளர் டேனியல் கானமன் காட்டியிருக்கிறார். உங்கள் கடிதத்தில் போன சீசன் என்றால் ஸ்பிரிங்கரின் ஹோம் ரன்தான் இருக்கிறது. அந்தத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் உங்கள் யூஹேனியோ சுவாரஸ் ஒரே அடியில் நான்கு ரன் எடுத்த கிராண்ட் ஸ்லாம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்களை வீட்டுக்கு அனுப்பிய அந்தப் பதினைந்தாவது இன்னிங்ஸ் பற்றியும் இல்லை. எனக்கே கொஞ்சம் மனத்தாங்கல்தான், நாங்கள் அவ்வளவு அழுதோம், நீங்கள் அதைக் கொண்டாடக்கூட இல்லையே என்று. அவையும் நடந்தவைதான். யாரும் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஸ்பிரிங் டிரெய்னிங்குக்கு வருவோம். தோற்றால் ஒன்றும் கெட்டுவிடாத ஒரே காலம் ஆட்டக்காரர்களுக்கு இதுதான். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமமாக இருந்தால் சமநிலை என்று சொல்லிவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். ஒரு பிட்சர் புதிதாகக் கற்ற ஒரு பந்தையே திரும்பத் திரும்ப எறிவார். அடி வாங்குவார், ஐந்து ரன் கொடுப்பார். பிறகு திருப்தியாகப் போய் உட்காருவார், ஏனென்றால் அவர் பார்க்க வந்தது அந்தப் பந்து எப்படி வளைகிறது என்பதைத்தான். நீங்களோ அந்த ஐந்து ரன்னை எடுத்துக்கொண்டு ராத்திரி முழித்திருக்கிறீர்கள்.

நான் ஃபுளோரிடாவில் லேக்லேண்ட் போய் டைகர்ஸ் பயிற்சியைப் பார்த்தவள். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். ஐந்தாவது இன்னிங்ஸ் தாண்டியதும் பெரிய ஆட்டக்காரர்கள் வெளியே வந்துவிடுவார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சிலர் ஓரமாக வேலியை ஒட்டி ஓடிப் பயிற்சி செய்வார்கள். அவர்களுக்குப் பதிலாக முதுகில் 80, 90 என்று எண் போட்ட பையன்கள் இறங்குவார்கள். கூட்டத்தில் பாதி எழுந்து போய்விடும். ஆனால் அந்தப் பையன்களுக்கு அது வெறும் பயிற்சி ஆட்டம் இல்லை. 26 பேர் கொண்ட அணியில் ஓர் இடம் கிடைக்குமா, இல்லை மறுபடி கீழ்மட்ட மைனர் லீக் அணியின் பஸ்ஸா என்பது அங்கேதான் முடிவாகிறது. ஸ்கோர் யாருக்கும் நினைவிருக்காத எட்டாவது இன்னிங்ஸில் அவன் ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்து சட்டையெல்லாம் மண்ணாக எழுந்து நிற்பான். பியோரியாவில் நீங்களும் மகளும் அப்படி ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். அவன் பெயரை எழுதி வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க அவன் எந்த ஊரில் ஆடுகிறான் என்று பாருங்கள். உங்கள் ஆசை முழுவதும் அக்டோபரின் ஒரே ஒரு ஆட்டத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. அது போய் உட்கார வேறு நிறைய இடம் இருக்கிறது.

மகளிடம் "ரொம்ப ஆசைப்படாதே" என்றீர்கள். பாசத்தில் சொன்னது, புரிகிறது. அவள் அழுவதைப் பார்க்க உங்களுக்குத் தெம்பில்லை. ஆனால் அவள் அழுதாலும் மறுபடி ஆசைப்படத் தெரிந்த பெண். ஐந்து மாதம் கூட ஆகவில்லை, அதற்குள் "கண்டிப்பா வேர்ல்ட் சீரீஸ்" என்கிறாள். இந்த வயதில் அது பெரிய பலம். சாஃப்ட்பால் ஆடுகிறவளுக்கு அது தினசரி தேவையும்கூட. நல்ல ஆட்டக்காரர்களே பத்துக்கு ஏழு முறை அவுட்டாகிற விளையாட்டு இது, அடுத்த முறை மட்டையைத் தூக்கிக்கொண்டு போக அந்த ஆசை இல்லாமல் முடியாது. அவளுடைய கேள்விக்குப் பதில் வரவில்லை என்று எழுதினீர்கள். நான் என்றால் இப்படிச் சொல்வேன்: "உன்னோட சேர்ந்து பாக்கத்தான் பாக்குறேன்." உங்கள் கடிதத்தில் சோபாவில் இருவரும் நின்று கத்தியதாக எழுதிய வரியைப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆசைக்கு எங்கள் ஊரிலும் ஒரு கதை உண்டு. 2003-இல் டைகர்ஸ் 119 ஆட்டங்களில் தோற்றது. மூன்றே வருஷம் கழித்து, 2006-இல், வேர்ல்ட் சீரீஸில் ஆடியது. ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த 2006-ஐ நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ராத்திரி முழிப்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டும். போனைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். சமையலறையில் சார்ஜ் போடுங்கள். காயச் செய்திகளைப் படிக்கச் சாயங்காலம் ஓர் இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கவலைப்படுங்கள், தடையே இல்லை. மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் "சரி, ஆறரை மணிக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிவையுங்கள். முதல் சில நாள் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

அப்புறம் அந்த ஆட்குறைப்பு. "அது வேறு கதை" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பேஸ்பால் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை, அது உங்களுடைய உண்மையான கவலைதான். ஆனால் இரண்டு மணிக்கு எழுப்புவது அது மட்டுமாக இருக்காது. பிட்சரின் தோளைப் பற்றிச் செய்தியாவது தேடலாம். உங்கள் வேலை என்னாகும் என்று தேட எந்தப் பக்கமும் இல்லை. அதை மனைவியிடம் உட்கார்ந்து பேசினீர்களா? எத்தனை மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது, விசா நிலைமை என்ன, யாரிடம் விசாரிக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் சில வாரங்கள் தூக்கம் இப்படியே போனால், அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அங்கேயே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். கடிதத்தில் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

பியோரியாவுக்குப் போனால் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போகாதீர்கள், காலையிலேயே போய்விடுங்கள். பின்னால் இருக்கும் பயிற்சி மைதானங்களில்தான் ஆட்டக்காரர்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் பந்து மட்டையில் படும் சத்தத்தை வைத்தே யார் சரியாக அடித்தார் என்று மகள் சொல்லிவிடுவாள். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். பள்ளி விடுமுறையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் விமான டிக்கெட் விலை ஏறிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டாலும் போதும். தேதியை மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்