ரயில் எங்கே நிற்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ‘ஓப்பன்டிடிடி’ என்ற கணினி விளையாட்டில், ஓடிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் பாதையின் குறுக்கே, அதே மட்டத்தில், நிலக்கரி ரயிலுக்கும் ஒரு பாதை போட்டேன். சிறிது நேரத்தில் இரண்டு ரயில்களும் அங்கே மோதி எரிந்துவிட்டன. விளையாட்டே இதைத் தடுக்காதா? (ஈரோடு வாசகர்)

பதில்: தடுக்காது. இரண்டு பாதைகளும் வரைபடத்தின் ஒரே சதுரத்தில் வெட்டிக்கொண்டதும், இடையில் சிக்னல் இல்லாத காரணத்தால், அதுவரை தனித்தனியாக இருந்தவை ஒரே ‘பிளாக்’ (சிக்னல்களுக்கு இடைப்பட்ட தண்டவாளப் பகுதி) ஆகிவிடுகின்றன. ஏற்கெனவே அதற்குள் ஓடும் ரயில்களை நிறுத்த எதுவும் இல்லை. எதிரே வருவதைக் கண்டு பிரேக் பிடிக்கும் ஓட்டுநர் இந்த விளையாட்டில் கிடையாது.

எரிந்தவற்றுக்குப் பதிலாக வாங்கும் ரயில்களை முதலில் டெப்போவிலேயே நிறுத்தி வையுங்கள். பிறகு குறுக்கீட்டுக்கு வரும் நான்கு திசைகளிலும், வரும் ரயிலைப் பார்த்தபடி, ஒரு ‘பாதை சிக்னல்’ (பாத் சிக்னல்) வீதம் வையுங்கள். பாதை சிக்னலின் கீழ், ரயில் தான் செல்லவிருக்கும் வழியை முன்பதிவு செய்த பிறகே நகரும்; அந்தப் பதிவு குறுக்கீட்டின் மேல் இருக்கும்வரை மற்ற ரயிலுக்குச் சிவப்பு விழும். ஒரு திசையில் மட்டும் ரயிலை விடும் ‘ஒருவழிப் பாதை சிக்னலை’ மட்டும் இங்கே வைத்துவிடாதீர்கள். ஒரே தண்டவாளத்தில் போய் அதிலேயே திரும்பும் ரயிலுக்கு அது வழியை அடைத்துவிடும். முன்பதிவைத் திரையில் காட்டும் வசதி அமைப்புகளில் உண்டு; அதை இயக்கினால் பதிவான தண்டவாளம் சற்றுக் கருமையாகத் தெரியும், ரயில் கடக்கக் கடக்க அந்தக் கருமை பின்னாலிருந்து விலகுவதையும் காணலாம்.

கேள்வி: ஒற்றைப் பாதையில் நடுநடுவே இருபுறமும் சிக்னல்கள் வைத்தேன். இப்போது மோதல் இல்லை. ஆனால் இரண்டு ரயில்கள் எதிரெதிரே அசையாமல் நிற்கின்றன. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: சிக்னல் வைப்பதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். ஆபத்து இருக்கும் இடத்தைத் தேடி நாம் சிக்னல் வைக்கிறோம். விளையாட்டோ ஒவ்வொரு சிக்னலையும் ‘இங்கே ரயில் நிற்கலாம்’ என்ற அனுமதியாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் இரு ரயில்களும் அடுத்த சிக்னல்வரை மட்டும் பதிவு செய்துகொண்டு, அனுமதித்த இடத்தில்தான் வந்து நின்றிருக்கின்றன.

ஒற்றைப் பாதைப் பகுதியிலிருந்து எல்லாச் சிக்னல்களையும் எடுத்துவிடுங்கள். இடையில் உங்கள் மிக நீளமான ரயில் முழுவதும் அடங்கும்படி லூப் லைன் (எதிரெதிர் ரயில்கள் விலகிச் செல்ல உதவும் இணைத் தண்டவாளம்) போட்டு, ஒரு தண்டவாளத்தைப் போவதற்கும் மற்றொன்றை வருவதற்கும் ஒதுக்கி, ரயில் லூப்பை விட்டு வெளியேறும் முனையில் ஒருவழிப் பாதை சிக்னலை வையுங்கள். அப்போது ஒரு லூப்பிலிருந்து கிளம்பும் ரயில் அடுத்த லூப்பின் வெளியேறும் முனைவரை மொத்த வழியையும் பதிவு செய்தாக வேண்டும். இந்திய ரயில்வேயின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் நீல் டோக்கன் கருவி செய்த வேலையும் இதுவே. அந்தக் கருவியிலிருந்து வரும் எஃகுப் பந்து, வளையம் பொருத்திய பையில் ஓட்டுநர் கைக்கு வந்து சேராமல் ரயில் அந்தப் பகுதிக்குள் நுழைய முடியாது.

சந்திப்புகளுக்கும் இதே கணக்குத்தான். சந்திப்பைத் தாண்டி முதல் சிக்னலை ஒரு ரயில் நீளம் தள்ளி வைக்கவில்லையென்றால், அங்கே நிற்கும் ரயிலின் கடைசிப் பெட்டிகள் சந்திப்பையே மறித்துக்கொள்ளும்.

கேள்வி: ஒரே திசையில் செல்லும் ரயில்களைப் போதிய நேர இடைவெளியில் அனுப்பினால் சிக்னல் இல்லாமல் சமாளிக்க முடியாதா? (திருச்சி வாசகி)

பதில்: முடியாது. முன்னால் போன ரயில் போய்க்கொண்டேதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் அந்த முறை நிற்கிறது. 1889 ஜூன் 12 அன்று, அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, ஏற்றத்தில் நின்றுபோன சுற்றுலா ரயிலை இரண்டாகப் பிரித்தபோது, பின்பாதிப் பெட்டிகள் சரிவில் உருண்டு, நேர இடைவெளி விட்டு அனுப்பப்பட்டிருந்த அடுத்த ரயிலின்மேல் மோதின. 80 பேர் இறந்தார்கள். ஒரு பிளாக்கில் ஒரு ரயில் என்ற முறையைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டமாக்கியது.

விளையாட்டிலும் ரயில் பழுதாகி நடுவழியில் நிற்கும். பழுதுகளை அமைப்புகளில் நிறுத்தி வைத்தாலும், பாரம் ஏற்றிய நிலக்கரி ரயில் மேட்டில் தவழ்ந்து ஏறும்போது பின்னால் வரும் விரைவு ரயில் அதை எட்டிவிடும். ஆகவே மேட்டுப் பகுதியில் சிக்னல்களைச் சற்று நெருக்கமாகவே வையுங்கள்.