வாட்ஸ்அப்பில் விற்ற கொலுசு வடிவம்: சட்டம் யார் பக்கம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடக்கிறது. நான் கணினியில் கொலுசு வடிவங்களை வரைந்து கோப்பாக விற்கிறேன். ஆண்டுக்குச் சுமார் ஆறு லட்சம் ரூபாய் வருகிறது. சிங்கப்பூர் கடைக்காரர் ஒருவர் ஆறு வடிவங்கள் வாங்கினார். நான்குக்குப் பணம் அனுப்பிவிட்டு, மீதி இரண்டுக்குக் கேட்டால் 'கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஏது?' என்கிறார். எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி முடித்ததுதான். துபாயில் கடை வைத்திருக்கும் உறவினர், ஊருக்கு வரும்போது பணத்தைக் கையில் தருவதாகச் சொல்கிறார். நான் அவருக்கு விற்ற வடிவத்தை அவர் சிவதாபுரத்தில் வேறொரு பட்டறையில் கொடுத்துச் செய்வதையும் பார்த்தேன். வெளிநாட்டுக்கு விற்பதால் சுங்கம், ஜிஎஸ்டி உண்டா? புதிதாக வரைந்த மூன்று வடிவங்களை இன்ஸ்டாகிராமில் போடலாமா? பழைய தொலைபேசியைக் கொடுத்துப் புதியது வாங்கும் யோசனையும் இருக்கிறது."

அந்த மூன்று வடிவங்களையும் இப்போதைக்கு எங்கும் போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மற்ற இழப்புகளை ஓரளவு ஈடுகட்டலாம், இதை முடியாது என்பதால் முந்திக்கொண்டு சொன்னேன்.

சிங்கப்பூர்காரரின் வாதத்திற்கு வருவோம். அது எடுபடாது. பேசி ஒப்புக்கொண்டதும் ஒப்பந்தமே என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே வரும் நிலை. மின்னணு வழியில் முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 10ஏ பிரிவில், தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பிரிவு 2008இல் வந்த திருத்தத்தால் சேர்ந்தது. முறையான ஆவணத்தில் கையெழுத்தாகும் முன்பே மின்னஞ்சலில் முடிந்த ஒரு பெரிய கனிம வியாபாரத்தை, ட்ரைமெக்ஸ் எதிர் வேதாந்தா வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சிங்கப்பூரிலும் 2010ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் இருக்கிறது. இரு நாட்டுச் சட்டங்களுமே ஐக்கிய நாடுகள் சபை வகுத்த மாதிரிச் சட்டத்தை ஒட்டியவை. கையெழுத்து இல்லை என்ற சாக்கு அங்கேயும் நிற்காது.

நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) பார்த்தேன். "வடிவம் ஒன்றுக்கு இவ்வளவு, ஆறு வடிவங்கள்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். "சரி, அனுப்பிவிடுங்கள்" என்று அவர் பதில் தந்திருக்கிறார். நான்குக்குப் பணமும் வந்திருக்கிறது. முன்வைப்பு, ஏற்பு, நடைமுறை மூன்றுமே அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை நீதிமன்றம் ஏற்கும்படி காப்பதுதான் உங்கள் வேலை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் ஒரு சான்றிதழையும் கேட்கிறது. அதன் முதல் பகுதியில் நீங்களும் இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. ஒரு புள்ளியை மாற்றினாலும் எண் மாறிவிடும். ஆகவே வெறும் திரைப்பிடிப்பை நம்பி இருக்காதீர்கள்.

தொகை சிறியது என்பதால் சேலத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பை அங்கே கொண்டுபோய் அமலாக்குவது செலவுக்குக் கட்டாது. சிங்கப்பூரில் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயம் ஒன்று உண்டு. 20,000 சிங்கப்பூர் டாலர் வரையிலான பொருள், சேவை ஒப்பந்தத் தகராறுகளை விசாரிக்கும். வழக்கறிஞர் வாதாட அங்கே இடமில்லை, செலவும் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அந்தப் பெயரைக் குறிப்பிட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து, ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் அதற்கே பணம் வந்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது சுங்கம். உங்கள் கோப்பு எந்தச் சுங்கச் சாவடியையும் கடப்பதில்லை. மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்க வரி விதிப்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் 1998இல் ஒப்புக்கொண்டு, அவ்வப்போது நீட்டித்து வந்தன. அதை நிரந்தரமாக்க இந்தியா இசையவில்லை. பொருளாக வந்தபோது வரி தந்தவை கோப்பாக வந்தால் வருவாய் போகிறது என்பது டெல்லியின் வாதம். 2024இல் அபுதாபியில் கூடிய மாநாடு, அடுத்த மாநாடு வரை அல்லது 2026 மார்ச் 31 வரை, எது முந்தியதோ அதுவரை என்று மட்டும் நீட்டித்தது. இந்தோனேசியா 2018இலேயே இத்தகைய பரிமாற்றங்களுக்குத் தன் வரிப் பட்டியலில் தனி இடம் ஒதுக்கி, பூஜ்ய வரி என்று எழுதி வைத்தது. நாளை அந்தப் பூஜ்யம் மாறலாம் என்பதுதான் அதன் பொருள். சிங்கப்பூருக்கு மட்டும் உங்களுக்கு வேறொரு பிடிமானம் இருக்கிறது. 2005இல் நடப்புக்கு வந்த இந்தியா–சிங்கப்பூர் பொருளாதார உடன்படிக்கையின் பத்தாம் அத்தியாயம், மின்வழியில் செல்லும் எண்ம (டிஜிட்டல்) பொருள்களுக்குச் சுங்கம் இல்லை என்கிறது.

துபாய் உறவினர் "ஒப்பந்தம் வந்துவிட்டது, வரியே இல்லை" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் இரண்டைக் கலந்துவிட்டார். 2022 மே 1 முதல் நடப்பில் உள்ள ஐக்கிய அரபு அமீரக உடன்படிக்கை, இந்திய நகைகளுக்கு அங்கே இருந்த 5 சதவீத வரியை நீக்கியது உண்மை. அது கொலுசுக்கு, அதுவும் இந்தியாவில் உருவானது என்ற சான்றிதழுடன் போகும் கொலுசுக்கு. கோப்புக்கு அல்ல. எண்ம வர்த்தகத்துக்கென்று அதே உடன்படிக்கையில் தனி அத்தியாயம் இருக்கிறது. ஆனால் உடன்படிக்கை அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. அதைக் காட்டி நீங்கள் ஒரு கடைக்காரரிடம் பாக்கி வசூலிக்க முடியாது. வழி திறந்திருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை நீங்கள் சேவை ஏற்றுமதியாளர். சேவைக்கு ஆண்டுக்கு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை என்பதால் ஆறு லட்சத்துக்கு இப்போது கவலை வேண்டாம். வேறு காரணத்துக்காகப் பதிவு செய்தால், ஏற்றுமதிக்குப் பூஜ்ய விகிதம். நிதியாண்டுதோறும் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை இணையத்தில் தாக்கல் செய்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண்ணும், வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் சலுகை எதையும் கேட்காதவரை, சேவைக்குத் தேவையில்லை. கொலுசையே பார்சலாக அனுப்பத் தொடங்கினால் அது வேறு கதை.

சேவை ஏற்றுமதி என்று சொல்லும் இடத்தில்தான் உறவினரின் கைப்பணம் இடிக்கிறது. வெளிநாட்டவருக்குச் செய்த சேவை ஏற்றுமதி ஆவதற்கான நிபந்தனைகளில் ஒன்று, அந்நியச் செலாவணியாக, அல்லது ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் ரூபாயாக, பணம் வந்து சேர்வது. பெட்டிக்குள் சுருட்டி வந்த திர்ஹமும், இங்கே யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும் ரூபாய்க் கட்டும் அந்தக் கணக்கில் சேராது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் கேள்வியும் எழும். சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. "வங்கியில் போட்டால்தான் என் கணக்கு ஏறும், மாமா" என்று சொல்லுங்கள், அதில் பொய் ஏதுமில்லை. பணம் வந்ததும் வங்கி தரும் வெளிநாட்டு வரவுச் சீட்டை ஒவ்வொன்றாகக் கோத்து வையுங்கள். சிங்கப்பூர் தரப்பு உரிமத் தொகை என்று சொல்லி வரி பிடித்தால், இரு நாட்டு வரி உடன்படிக்கைப்படி அது 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பிடித்ததற்குச் சான்று வாங்கினால் இங்கே கழித்துக்கொள்ளலாம்.

இனி, என் மனத்தை அதிகம் உறுத்திய விஷயம்: சிவதாபுரத்துப் பட்டறை. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று அரும்புகள் சேரும் இடத்தில் சலங்கை தொங்கும் வளையத்தையே ஒரு இலையாக மடித்திருக்கிறீர்கள். திருகாணியின் தலைகூட அந்த இலையின் காம்பாகவே முடிகிறது. இது உங்கள் கற்பனை, உங்கள் சொத்து. ஆனால் சொத்தைக் காக்கும் வேலியில் பெரிய ஓட்டை இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைக் கவனியுங்கள். வடிவமாகப் பதியத் தக்க ஒன்றைப் பதியாமல் வைத்திருந்து, அதை உங்கள் சம்மதத்தோடு தொழில் முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உருவாக்கினால், அதன் மீதான காப்புரிமையே முடிந்துவிடும். ஒற்றைக் கொலுசாக எண்ணினால் இருபத்தைந்து ஜோடி வரை சரி, இருபத்தாறாவது ஜோடியில் கோடு தாண்டிவிடும். ஒரு டை (அச்சு) வெட்டி வைத்த பட்டறைக்கு இருபத்தாறு ஜோடி பெரிய எண்ணிக்கையா?

ஆகவே 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவதே வழி. தனிநபருக்குக் கட்டணம் ஒரு வடிவத்துக்கு 1,000 ரூபாய். நகை 11ஆம் வகுப்பில் வரும். பத்து ஆண்டு பாதுகாப்பு, மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். விண்ணப்பத்தை இணையத்திலேயே அனுப்பலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன் அந்த வடிவம் உலகில் எங்கும் வெளியாகி இருக்கக் கூடாது. நீங்களே போட்ட இன்ஸ்டாகிராம் படமும் வெளியீடுதான். ஏற்கெனவே போட்டுவிட்ட வடிவங்களுக்கு இனிப் பதிவு கிடைப்பது கடினம் என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய மூன்றும் தப்பியிருக்கின்றன. இன்னொருவரிடம் நம்பிக்கையின் பேரில் இரகசியமாகக் காட்டியதால் மட்டும் பதிவு கெடாது என்று 16ஆம் பிரிவு சொல்வதால், வாங்குபவருக்கு அனுப்பும்போது "இரகசியம், வேறு யாருக்கும் காட்டக் கூடாது" என்று மேலே எழுதியே அனுப்புங்கள். இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சிங்கப்பூரிலோ அமீரகத்திலோ விண்ணப்பித்தால், பாரிஸ் உடன்படிக்கைப்படி இந்தியத் தேதியே அங்கும் முன்னுரிமைத் தேதியாகும்.

துபாய் உறவினர் "காசு கொடுத்து வாங்கியது என்னுடையது" என்று சொன்னால், அதற்கும் பதில் இருக்கிறது. காப்புரிமையைக் கைமாற்ற உங்கள் கையெழுத்துள்ள எழுத்து மூலம் வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. எழுதிக் கொடுத்தாலும், காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். நீங்கள் அப்படி எதையும் எழுதித் தரவில்லை. அவருக்கு இருப்பது நீங்கள் பேசிய அளவுக்கான பயன்பாட்டு அனுமதி. சண்டைக்குப் போகாமல், எத்தனை ஜோடி, எந்தப் பட்டறை, எந்த ஊரில் விற்பனை என்பதை இப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆர்டர் முதல் விலைச் செய்தியோடு கீழ்க்கண்ட வரிகளையும் அனுப்பி, "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பதிலை வாங்கிய பிறகே கோப்பை அனுப்புங்கள்:

"பாதித் தொகை முன்பணம், மீதி கோப்பு கிடைத்த ஏழு நாளில் வங்கி வழியாக. வடிவத்தின் உரிமை என்னுடையது. இத்தனை ஜோடி, இந்த நாட்டில் விற்க மட்டும் அனுமதி. தகராறு வந்தால் சேலத்தில் நடுவர் தீர்ப்பு, இந்தியச் சட்டம் பொருந்தும்."

நடுவர் தீர்ப்பு என்று நான் வலியுறுத்தக் காரணம், இந்தியா, சிங்கப்பூர், அமீரகம் மூன்றுமே, ஒரு நாட்டில் தந்த நடுவர் தீர்ப்பை மற்ற நாடுகளும் ஏற்கச் செய்யும் நியூயார்க் உடன்படிக்கையில் இருக்கின்றன. இங்கே பெற்ற தீர்ப்பை அங்கே அமலாக்க அதுவே நேரான பாதை.

கடைசியாக அந்தப் பழைய தொலைபேசி. சிங்கப்பூர்ப் பாக்கி தீரும்வரை அதைக் கொடுத்துவிடாதீர்கள். உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். நீங்கள் அனுப்பிய ஆறு கோப்புகளையும், அனுப்பிய தேதி மாறாமல், அதே தொலைபேசியில் விட்டுவையுங்கள். பாக்கித் தொகைக்கு இங்கே வழக்குத் தொடரும் காலம் மூன்று ஆண்டு. அதுவரை அந்தக் கருவி உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.