லோகஸ் செருலியஸ் தெரியவில்லையா? ஸ்லைஸ் கோணத்தை முதலில் பாருங்கள்

நியூரோமெலனினை (சில நியூரான்களில் சேரும் கருநிறமி) வெண்மையாகக் காட்டும் உங்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில், மூளைத்தண்டின் சிறு நியூரான் தொகுப்பான லோகஸ் செருலியஸ் தெரியவில்லை என்பதால், அதன் நியூரான்கள் அழிந்துவிட்டன என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் எழுதியபடி ஆய்வின் எல்லாப் பங்கேற்பாளர்களிடமும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா (நியூரோமெலனின் உள்ள நடுமூளைப் பகுதி) வெண்மையாகத் தெரிந்து, லோகஸ் செருலியஸ் மட்டும் மங்கியிருந்தால், பெரும்பாலும் ஸ்லைஸ்களின் (ஸ்கேன் படமெடுக்கும் மெல்லிய அடுக்குகளின்) கோணமே காரணம்.

லோகஸ் செருலியஸ், பான்ஸின் (நடுமூளைக்குக் கீழுள்ள மூளைத்தண்டுப் பகுதி) பின்புறத்தில் நான்காம் வென்ட்ரிக்கிளின் (திரவம் நிறைந்த மூளைக்குழி) தரையை ஒட்டி, ஏறத்தாழ 15 மி.மீ. நீளமும் 2 மி.மீ. அகலமும் கொண்ட மெல்லிய தண்டாக அமைந்திருக்கிறது. 3 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைஸ் அதைச் செங்குத்தாக வெட்டினால் இருபுறமும் ஒவ்வொரு வெண்புள்ளி கிடைக்கும். சாய்வாக வெட்டினால், நியூரோமெலனின் இல்லாத பக்கத்துத் திசுவும் அதே வாக்சலில் (படத்தின் மிகச்சிறு முப்பரிமாணக் கட்டம்) கலந்து சிக்னல் கரைந்துவிடும். சப்ஸ்டான்ஷியா நைக்ரா அளவில் பெரியது என்பதால் இந்தப் பிழையைத் தாங்கிக்கொள்கிறது.

சாஜிட்டல் படத்தின் (தலையைப் பக்கவாட்டிலிருந்து காட்டும் படம்) மேல் ஸ்லைஸ் கோடுகளை ஏற்றிப் பாருங்கள். அவை வென்ட்ரிக்கிள் தரைக்குச் செங்குத்தாக இருக்கின்றனவா, கடைசி ஸ்லைஸ் பான்ஸ் வரை இறங்குகிறதா என்ற இரண்டும் முக்கியம். நடுமூளையோடு நின்றுவிட்ட ஸ்கேனில் எவ்வளவு தேடினாலும் லோகஸ் செருலியஸ் கிடைக்காது. கோணத்தைத் திருத்தியபின், 60 வயதை ஒட்டிய ஆரோக்கியமான ஒருவரிடம் முதலில் சோதியுங்கள். நியூரோமெலனின் வயதோடு சேர்வதால், இளைஞர்களிடம் சிக்னல் குறைவது இயல்பே.

ஒன்றை அவசியம் கவனத்தில் கொள்ளுங்கள். பார்க்கின்சன், அல்சைமர் நோய்களில் இந்தச் சிக்னல் குறைவது குழுச் சராசரிகளில் காணப்படும் வேறுபாடு. தலை சற்று அசைந்தாலும் மதிப்பு மாறும். ஆகவே, ஒரே ஒரு ஸ்கேனை வைத்துப் பங்கேற்பாளர் எவரிடமும் நினைவாற்றலைப் பற்றியோ நோயைப் பற்றியோ எதுவும் சொல்லிவிடாதீர்கள்.