தூண்டல் பாடத்தில் மார்க் குறைந்தால் எலக்ட்ரிக்கல் வேண்டாமா?

மின்காந்தத் தூண்டலில் மகளுக்கு மார்க் குறைந்துவிட்டது, எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் ஆசையை விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு விடைத்தாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாடம் எங்கே நழுவியது என்று முதலில் பாருங்கள். பல பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரியும், கம்பிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது.

விஷயம் இதுதான். கம்பியை நகர்த்தினால் அதிலுள்ள எலக்ட்ரான்களும் கூடவே நகரும். நகரும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் பக்கவாட்டில் தள்ளும். ஆக, புலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கம்பியின் ஒரு முனையில் எலக்ட்ரான்கள் குவியும், மறுமுனையில் குறையும். பேட்டரியே இல்லாமல் மின்னழுத்தம் வந்துவிட்டது; இதுதான் மின்காந்தத் தூண்டல். 0.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் 10 செ.மீ. கம்பியைப் புலத்துக்குச் செங்குத்தாக நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்த்தினால் 0.1 வோல்ட். நிறுத்தினால் ஒன்றுமில்லை. புலத்தின் திசையிலேயே நகர்த்தினாலும் ஒன்றுமில்லை. இந்த 0.1 வோல்ட்டை, சுற்றுகளைக் கூட்டி, புலத்தை வலுவாக்கி, டர்பைனால் வேகமாகச் சுழற்றி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்குவதுதான் ஜெனரேட்டர் வடிவமைப்பவரின் வேலை.

தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்ற லென்ஸ் விதியை வெறும் மைனஸ் குறியாகப் படிக்க விடாதீர்கள். கையால் சுற்றும் ஜெனரேட்டரில் விளக்கை இணைத்ததும் கைப்பிடி கனக்கும். அந்தக் கூடுதல் உழைப்புதான் வெளிச்சமாகிறது. மின்சாரக் காரின் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, வண்டியை இழுத்துப் பிடித்தபடி பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்புவதும் இதே விதியால்தான்.

வேலை என்றால் மின்நிலையம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். காற்றாலை, மோட்டார் வடிவமைப்பு, டிரான்ஸ்ஃபார்மர், விமானப் பாகங்களில் விரிசல் தேடும் சுழல் மின்னோட்டச் சோதனை என்று நிறைய உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது மின்காந்த ஃப்ளோமீட்டர். அதில் நகரும் கடத்தி குழாயில் ஓடும் தண்ணீரேதான். அதில் எழும் மின்னழுத்தத்தை அளந்தால் ஓட்டத்தின் வேகம் தெரியும். 1831-ல் தூண்டலைக் கண்டறிந்த ஃபாரடே, அடுத்த ஆண்டே லண்டனில் வாட்டர்லூ பாலத்தருகே தேம்ஸ் ஆற்றில் இதைச் செய்து பார்த்தார். தெளிவான அளவீடு கிடைக்கவில்லை. இன்று சுத்திகரிப்பு நிலையங்களில் அது அன்றாடக் கருவி.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பட்டப்படிப்பில் வெக்டரும் கால்குலஸும் விடாமல் வரும். அவற்றோடு மல்லுக்கட்ட அவளுக்கு மனமே இல்லை, ஆனால் கழற்றி மாட்டுவதில் ஆர்வம் என்றால், டிப்ளமோ படித்து மோட்டார் வைண்டிங், பராமரிப்புப் பக்கம் போகலாம். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். நல்ல வைண்டிங் கைகளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்வது? பள்ளி ஆய்வகத்தில் ஒரு கம்பிச்சுருள், கால்வனாமீட்டர் (சிறு மின்னோட்டத்தையும் முள் அசைவில் காட்டும் கருவி), காந்தம் மூன்றையும் கேட்டு வாங்கிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தை உள்ளே தள்ளும்போது முள் ஒரு பக்கம் போகும், வெளியே இழுத்தால் மறுபக்கம், அசையாமல் வைத்தால் நடுவில் நிற்கும். ஏன் என்று அவளே தன் சொற்களில் உங்களுக்கு விளக்கட்டும். குறுக்கே பேசாமல் கேளுங்கள். விளக்க முடிந்தால் தயங்காமல் எலக்ட்ரிக்கலுக்கு விண்ணப்பியுங்கள். தடுமாறினால், எந்த இடத்தில் என்று குறித்துக்கொண்டு இருவரும் வாருங்கள்; அங்கிருந்து பேசுவோம்.