இரைப்பையில் மேடு: பயாப்ஸி ‘நார்மல்’ என்றால் போதுமா?

என் கணவருக்கு வயது 54. நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோபி பார்த்தபோது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் 2.5 செ.மீ. அளவுக்கு மேடு இருப்பதாகச் சொன்னார்கள். பயாப்ஸியில் ‘லேசான இரைப்பை அழற்சி’ என்று மட்டும் வந்திருக்கிறது. ஆனாலும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டு (எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியில் உள்ள ஸ்கேன் கருவியால் உள்ளிருந்தே பார்ப்பது) எடுக்கச் சொல்கிறார்கள். வீண் செலவுதானே?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

வீண் செலவு இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட் பொய்யும் இல்லை. ஆனால் அது மேட்டைப் போர்த்தியிருக்கும் சவ்வைப் பற்றியது, உள்ளே இருக்கும் கட்டியைப் பற்றியது அல்ல. எண்டோஸ்கோபியின் கிடுக்கி மேல்சவ்வில் சில மில்லிமீட்டர்தான் கிள்ளி எடுக்கும். ஜமுக்காளத்தைக் கிள்ளிப் பார்த்து அடியில் கிடப்பது கோலிக்குண்டா கூழாங்கல்லா என்று சொல்ல முடியாது. ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லை நம்பிப் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் இரைப்பைச் சுவர் ஐந்து அடுக்குகளாகத் தெரியும். கட்டி எந்த அடுக்கிலிருந்து கிளம்புகிறது என்பதே முதல் துப்பு. மூன்றாம் அடுக்கில் (சவ்வுக்கும் தசைக்கும் நடுவில் உள்ளது) வெள்ளையாக, ஒரே சீராக இருந்தால் லிப்போமா, அதாவது கொழுப்புக் கட்டி. இரைப்பையின் கீழ்ப்பகுதியில், நடுவில் தொப்புள் போன்ற குழியுடன் இருந்தால் பெரும்பாலும் இடம் மாறி வளர்ந்த கணையத் திசு. நான்காம் அடுக்கு தசையடுக்கு. அங்கே கருமையாகத் தெரிவது லெயோமயோமாவாகவோ (தசைக் கட்டி), ஷ்வானோமாவாகவோ (நரம்பு உறைக் கட்டி), ‘ஜிஸ்ட்’ (GIST, செரிமானப் பாதைச் சுவரில் கிளம்பும் ஒரு வகைக் கட்டி) ஆகவோ இருக்கலாம். முதல் இரண்டும் தீங்கற்றவை. ஜிஸ்ட்டை அப்படி விட்டுவிட முடியாது, சிறியதாக இருந்தாலும் பின்னால் பரவும் தன்மை அதற்கு உண்டு. படத்தில் இந்த மூன்றும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். அதனால் 2 செ.மீ.க்கு மேற்பட்ட நான்காம் அடுக்குக் கட்டி என்றால், அதே கருவி வழியாக ஊசி செலுத்தித் திசு எடுப்பார்கள்.

இன்னொரு கட்டியையும் சொல்ல வேண்டும். குளோமஸ் கட்டி அபூர்வமானது, கீழ்ப்பகுதியில்தான் அதிகம் வரும். ரத்தக் குழாய்கள் நிறைந்தது என்பதால் கான்ட்ராஸ்ட் சி.டி.யில் பளிச்சென்று ஒளிரும், ஊசி பட்டால் ரத்தம் கசியலாம். ஊசி போடும் முன் சி.டி. பார்த்துவிடுவது நல்லது.

எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டுக்கு வரும்போது திட உணவை 6 முதல் 8 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். குளோபிடோக்ரெல் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி பயாப்ஸி என்றால் வழக்கமாக 5 முதல் 7 நாள் முன் நிறுத்தச் சொல்வார்கள், ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. சர்க்கரை நோய்க்கோ எடை குறைக்கவோ செமாக்ளுடைடு ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பட்டினி கிடந்தும் உள்ளே சோறு மிஞ்சியிருக்கும்.

அக்காவுக்கு இரைப்பையில் 5 செ.மீ. கட்டி. பெட் ஸ்கேனில் கட்டி நன்றாக ஒளிர்ந்ததால் புற்றுநோயாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். ஊசி பயாப்ஸியிலோ ‘ஷ்வானோமா’. எதை நம்புவது?
– வாசகர், செம்பூர், மும்பை

திசுவை நம்புங்கள். இரைப்பை ஷ்வானோமா நரம்பு உறைச் செல்களில் கிளம்பும் தீங்கற்ற கட்டி. ஆனால் பெட் ஸ்கேனுக்காகச் செலுத்தும் சர்க்கரையை இழுத்துக்கொண்டு ஒளிர்வது அதன் வழக்கம். பக்கத்தில் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருப்பதும் உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் படித்தால் குலை நடுங்கத்தான் செய்யும்.

பெயர் மட்டும் போதாது, அது எப்படி உறுதியானது என்று பாருங்கள். திசுவில் எந்தப் புரதம் இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்ப்பது இம்யூனோ சாயப் பரிசோதனை. அதில் எஸ்-100 என்ற புரதம் பாசிட்டிவ், சி.டி.117-உம் (CD117, இது சி.டி. ஸ்கேன் அல்ல, ஒரு புரதம்) டாக்-1-உம் (DOG1) நெகட்டிவ் என்று இருந்தால் ஷ்வானோமா. சி.டி.117, டாக்-1 பாசிட்டிவ் என்றால் ஜிஸ்ட். தசைப் புரதமான டெஸ்மின் பாசிட்டிவ், அந்த இரண்டும் நெகட்டிவ் என்றால் லெயோமயோமா. இந்தச் சோதனை செய்யாமல் ‘கதிர் வடிவச் செல் கட்டி’ (ஸ்பிண்டில் செல்) என்று மட்டும் எழுதியிருந்தால் வேலை பாதியில்தான் நிற்கிறது. ஜிஸ்ட்டுக்குத் தரும் இமாடினிப் மாத்திரை ஷ்வானோமாவைக் குறைக்காது. திசு முடிவு தெளிவாகும் முன் அதைத் தொடங்கக் கூடாது.

ஐயம் தீராவிட்டால் பாரஃபின் பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி) ஸ்லைடுகளையும் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பரேல் டாடா மெமோரியல் போன்ற புற்றுநோய் மையத்தில் மறுபார்வைக்குக் கொடுக்கலாம். வெறும் ரிப்போர்ட் காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது கருத்து கேட்பதில் பயன் இல்லை.

5 செ.மீ. கட்டியைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். லேப்ராஸ்கோபியில் கட்டியோடு சுவரைக் கொஞ்சம் சேர்த்து ஆப்பு வடிவில் வெட்டுவதே போதும். ஷ்வானோமாவுக்கு இரைப்பை முழுவதையும் எடுப்பதோ, கணுக்களைத் துடைத்தெடுப்பதோ வழக்கமாகத் தேவைப்படாது. அப்படிச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

1.5 செ.மீ. லிப்போமா. கரைக்க மருந்தோ பத்தியமோ உண்டா?
– வாசகர், தாராவி, மும்பை

இரண்டும் இல்லை. தேவையும் இல்லை. சி.டி.யில் கொழுப்பின் அடர்த்தி (ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் மைனஸ் 70 முதல் மைனஸ் 120 வரை) தெரிந்துவிட்டால் ஊசியும் வேண்டாம், ஆண்டுதோறும் எண்டோஸ்கோபியும் வேண்டாம். ரத்தம் கசிந்தாலோ, வழியை அடைத்து வாந்தி வந்தாலோதான் எடுக்க வேண்டிவரும்.

வயிற்றைத் துளைக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே கட்டியை எடுத்துவிட முடியாதா?
– வாசகி, ஆண்டாப் ஹில், மும்பை

அதற்கும் அடுக்குதான் கணக்கு. மூன்றாம் அடுக்கோடு நிற்கும் கட்டியை, அடியில் உப்புநீர் செலுத்தி உயர்த்தி, சுற்றி அறுத்து எடுக்கலாம். தசையில் வேர்விட்ட கட்டியைச் சாதாரணப் பாலிப் போல் கம்பி வளையம் போட்டு இழுத்தால் இரைப்பையில் ஓட்டை விழும். சுவரின் முழு தடிப்பையும் எடுத்துவிட்டு உள்ளிருந்தே கிளிப்பால் மூடும் முறை இருக்கிறது, ஆனால் தேர்ந்த கைகள் வேண்டும். உணவுக்குழாய் சேரும் இடத்தில் உள்ள லெயோமயோமாவை ஆப்பு வடிவில் வெட்டினால் இரைப்பையின் நுழைவாய் குறுகிவிடும். அங்கே சவ்வுக்கு அடியில் சுரங்கம் போட்டுக் கட்டியை மட்டும் உருவி எடுப்பதே மேல்.

பிறகு சில நாள் நீராகாரம், அப்புறம் கஞ்சி, குழைந்த சாதம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, தோள்வலி, நாடி வேகமாகத் துடிப்பது, தார் போன்ற கறுத்த மலம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் போல் பிசுபிசுக்காது, அந்த நாற்றமும் இருக்காது.

அம்மாவுக்கு 1996-இல் இரைப்பையில் ‘லெயோமயோமா’ என்று எடுத்தார்கள். இப்போது வேறு இடத்தில் 1.2 செ.மீ. மேடு. பழைய ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டுமா?
– வாசகர், முலுண்ட், மும்பை

கட்டாயம் காட்டுங்கள். ஜிஸ்ட் கட்டிகளில் கிட் (KIT, சி.டி.117 புரதத்தை உருவாக்கும் மரபணு) மரபணு மாற்றம் இருப்பது தெரியவந்தது 1998-இல்தான். அதற்கு முன் இரைப்பையில் லெயோமயோமா என்று எழுதப்பட்டவற்றில் பல இன்று பார்த்தால் ஜிஸ்ட். பழைய பிளாக் கிடைத்தால் சி.டி.117 சோதனை இப்போதும் செய்யலாம்.

பொதுவாக 1 முதல் 2 செ.மீ. வரையுள்ள, தொந்தரவு தராத, பெயர் தெரியாத மேட்டை 3 முதல் 6 மாதத்தில் ஒரு முறை பார்த்து, வளரவில்லை என்றால் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அம்மா விஷயத்தில் அந்தக் கணக்கை அப்படியே வைக்க முடியாது. பழைய கட்டி ஜிஸ்ட் என்று தெரிந்தால், 1.2 செ.மீ. ஆனாலும் இந்த மேட்டுக்கு ஊசி பயாப்ஸி முயல்வதே சரி.