அப்படித்தான் சொன்னீர்களா?

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாளிலிருந்து என்னோடு இருக்கும் நண்பன். என் கட்சி அவனுக்கு ஆகாது. போன தேர்தலின்போது வாட்ஸப் குழுவில் வார்த்தை தடித்துவிட்டது. இப்போது பேசிக்கொள்கிறோம், அரசியல் மட்டும் கிடையாது. 'அங்கே மழையா?' என்ற அளவில் நிற்கிறது. கண்ணியமான உரையாடல் என்பது வாயைக் கட்டிக்கொண்டிருப்பதுதானா?

கே.

அன்புள்ள கே.,

இல்லை. அது வெறும் போர்நிறுத்தம். குரலைத் தாழ்த்திக்கொண்டால் கண்ணியம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். மிகத் தணிந்த குரலில் ஆளை மட்டம் தட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பூகம்பம். ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார் காந்தி. தாகூரும் தீண்டாமையின் எதிரிதான். ஆனாலும் பூமி நடுங்கியதற்கு இப்படியொரு காரணமா என்று கொதித்து மறுப்பு எழுதினார். எழுதியதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பவில்லை, காந்திக்கே அனுப்பினார். கூடவே ஒரு கடிதம்: நீங்கள் இப்படிப் பேசியதாகச் செய்தி வந்திருக்கிறது, நம்ப முடியவில்லை, செய்தி சரிதான் என்றால் இந்த மறுப்பை நீங்களே பத்திரிகைக்குக் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் காந்தி அதைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். பதிலும் எழுதினார். இம்மிகூட இறங்கிவரவில்லை, ஆனால் அதிலும் தாகூர் அவருக்கு 'குருதேவ்'தான். (இதில் நான் தாகூர் கட்சி.)

தாகூர் கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் கேட்கத் தவறியிருக்கிறேன். நண்பர் ஒருவரைப் போனில் பிடித்து அரைமணி நேரம் கத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் நான் எப்போ சொன்னேன்?" என்றார். அவர் கட்சிக்காரர் யாரோ தொலைக்காட்சியில் உளறியதற்கு இவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அந்த உளறலில் என்னைவிட அதிகம் நொந்துபோயிருந்தவர் அவர்.

எல்லோரிடமும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. உங்களை மனிதனாகவே எண்ணாதவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். உங்கள் நண்பர் அந்த ரகமில்லை. அந்த ரகம் மழை விசாரிக்காது.

குழுவில் மட்டும் தொடங்காதீர்கள். நாலு பேர் வேடிக்கை பார்க்கும்போது 'ஆமாம், தப்புதான்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தனியாகக் கூப்பிடுங்கள். அன்று அவர் எழுதியதில் உங்களை அதிகம் சுட்ட வரியை எடுத்து, 'நீ இதைத்தான் சொல்ல வந்தாய் என்று புரிந்துகொண்டேன், சரியா?' என்று கேளுங்கள். 'சரிதான்' என்று சொன்னால், அப்புறம் சண்டையை ஆரம்பிக்கலாம்.